அட்ஹியர், அபைட், கம்ப்ளை, கன்ஃபார்ம்: எந்த விதிக்கு எந்த வினை?

கேள்வி இதுதான்: விதியை மதித்து நடப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் அட்ஹியர், அபைட், கம்ப்ளை, கன்ஃபார்ம், அப்சர்வ், ஒபே, ஃபாலோ, ஸ்டிக், கிளிங் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்றைப் போடலாமா? எதற்கு 'டு', எதற்கு 'வித்', எதற்கு 'பை'?

சில இடங்களில் போடலாம், பல இடங்களில் முடியாது. எதைப் போடுவது என்று தீர்மானிக்க இரண்டு விஷயங்களைப் பார்த்தால் போதும். விதி யாரிடமிருந்து வருகிறது என்பது ஒன்று: மேலதிகாரியா, நீதிமன்றமா, சக மனிதர்களா, நீங்களே வகுத்துக்கொண்டதா? உங்களிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பது மற்றொன்று: சொன்னதைச் செய்வதா, தீர்ப்பை ஏற்பதா, ஓர் அளவுக்கு ஒத்திருப்பதா, எடுத்த முடிவிலிருந்து விலகாமல் இருப்பதா? தமிழிலும் இதற்கெல்லாம் ஒரே சொல் இல்லை. கீழ்ப்படி, கட்டுப்படு, இணங்கு, கடைப்பிடி, அனுசரி, பின்பற்று என்று நாமும் பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். அதனால் பொருள் விஷயத்தில் தமிழ் நமக்குத் துணை. பிரிபொசிஷன் விஷயத்தில்தான் தமிழே காலை வாருகிறது.

நான்காம் வேற்றுமை செய்யும் வேலை

தீர்ப்புக்குக் கட்டுப்படு, கோரிக்கைக்கு இணங்கு, பெற்றோருக்குக் கீழ்ப்படி. மூன்றிலும் 'கு' இருக்கிறது. 'கு' என்றால் 'டு' என்று பள்ளியிலேயே மனதில் பதிந்துவிடுவதால் 'அபைட் டு', 'கம்ப்ளை டு', 'ஒபே டு' என்று எழுதிவிடுகிறோம். மூன்றும் தவறு. ஆங்கிலத்தில் அபைட் 'பை' கேட்கும், கம்ப்ளை 'வித்' கேட்கும், ஒபே எதையும் கேட்காது: 'ஒபே யுவர் பேரண்ட்ஸ்', அவ்வளவுதான்.

'டு' உண்மையிலேயே வர வேண்டிய இடங்கள் வேறு: அட்ஹியர் டு, கன்ஃபார்ம் டு, ஸ்டிக் டு, கிளிங் டு, கீப் டு. இரண்டாம் வேற்றுமை எடுக்கும் தமிழ் வினைகளில் சிக்கல் குறைவு. விதியைப் பின்பற்று, விரதத்தை அனுசரி என்பவை 'ஃபாலோ த ரூல்', 'அப்சர்வ் எ ஃபாஸ்ட்' என்று நேராகப் பொருந்திவிடும். இரண்டுக்கும் பிரிபொசிஷன் கிடையாது.

'கம்' என்றால் லத்தீனில் 'உடன்', ஆகவே கம்ப்ளைக்கு 'வித்' என்று சொல்லிக்கொடுக்கும் வழக்கம் உண்டு. நினைவில் நிற்கும், சரிதான். ஆனால் கன்ஃபார்மிலும் அதே முன்னொட்டுதான் இருக்கிறது, அதற்கு முதலில் வருவது 'டு'. அட்ஹியருக்கு மட்டும் சொல்வரலாறு நம்பகமாக உதவும். 'அட்' என்றால் லத்தீனில் 'நோக்கி', மீதிப் பகுதி 'ஒட்டு' என்ற பொருளுள்ள வினை. ஒன்றை நோக்கி ஒட்டுவது என்பதால் 'டு'.

வினையைப் பெயர்ச்சொல்லாக மாற்றும்போது கணக்கு கொஞ்சம் மாறும். 'ஒபே' வெறுமனே வரும்; 'ஒபீடியன்ஸ்' ஆனதும் 'டு' சேரும். 'அப்சர்வ்' வெறுமனே வரும். 'அப்சர்வன்ஸ்' ஆனதும் 'ஆஃப்' சேரும். அட்ஹியரன்ஸ் டு, கம்ப்ளையன்ஸ் வித் இரண்டிலும் மாற்றமில்லை. 'கன்ஃபார்மிட்டி' இரண்டையும் ஏற்கும்: 'வித்', 'டு'. அபைடுக்கு 'அபைடன்ஸ்' என்று ஒரு பெயர்ச்சொல் அகராதியில் உண்டு, ஆனால் எழுத்தில் அரிது. அந்த இடத்தில் அட்ஹியரன்ஸ் அல்லது அக்செப்டன்ஸ் போட்டுக்கொள்வது நல்லது.

இதைவிட அதிகமாகக் கண்ணில் படும் பிழை செயப்பாட்டு வினையில் வருகிறது. 'உத்தரவு நிறைவேற்றப்படவில்லை' என்பதை 'த ஆர்டர் வாஸ் நாட் கம்ப்ளைட்' என்று முடித்துவிடுகிறார்கள். வாக்கியத்தைத் திருப்பிப் போட்டாலும் 'வித்' வினையோடுதான் போகும்: 'த ஆர்டர் வாஸ் நாட் கம்ப்ளைட் வித்.' கடைசியில் ஒரு பிரிபொசிஷன் தொங்குவது காதுக்கு உறுத்தலாம். ஆனால் அதுதான் சரி. வழக்கறிஞர்கள் எழுதும் மனுக்களில் இந்த அமைப்பு தினமும் வருகிறது. அதேபோல 'த டைம்டேபிள் மஸ்ட் பி அட்ஹியர்ட் டு', 'த டெர்ம்ஸ் வேர் நாட் அபைடட் பை'. இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பிழை உண்டு. எதற்கு இணங்குவது என்று சொல்லாத இடத்தில் 'வித்' வரக் கூடாது. 'அவரை வெளியேறச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார்' என்பதற்கு 'ஹி ரெஃப்யூஸ்ட் டு கம்ப்ளை' என்று அங்கேயே நிறுத்த வேண்டும்.

மூன்று வினைகள், மூன்று ஆய்வுகள்

கன்ஃபார்ம், ஒபே, கம்ப்ளை மூன்றையும் மிகத் துல்லியமாகப் பிரித்து வைத்திருப்பவர்கள் சமூக உளவியலாளர்கள். அவர்கள் பாகுபாட்டை ஒருமுறை புரிந்துகொண்டால் அன்றாட ஆங்கிலத்திலும் பாதிக் குழப்பம் தீரும்.

அமெரிக்காவில் சாலமன் ஆஷ் 1951-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கோட்டின் நீளத்தை மூன்று கோடுகளோடு ஒப்பிட்டு எது சமம் என்று சொல்ல வேண்டும். அறையில் இருந்த மற்றவர்கள் ஏற்கெனவே பேசிவைத்துக்கொண்டு தவறான விடையைச் சொன்னார்கள். உண்மையாகச் சோதிக்கப்பட்டவர்கள், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடவை கூட்டத்தோடு சேர்ந்து அதே தவறான விடையைச் சொன்னார்கள். யாரும் கட்டளை இடவில்லை, யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. இது கன்ஃபார்மிட்டி. ஸ்டான்லி மில்கிராம் 1963-இல் வெளியிட்ட ஆய்வில் ஆய்வக அங்கி அணிந்த ஒருவர், தவறாகப் பதில் சொல்லும் ஆளுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும்படி சொல்லிக்கொண்டே இருந்தார். அதிர்ச்சி உண்மையானதல்ல, பங்கேற்றவர்களுக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் என்று குறிக்கப்பட்ட கடைசி விசை வரை போனார்கள். அதிகாரத்தின் கட்டளைக்குப் பணிந்தது, ஆகவே ஒபீடியன்ஸ். ஃப்ரீட்மன், ஃப்ரேசர் இருவரும் 1966-இல் காட்டியது வேறு: முதலில் ஒரு சின்ன உதவி கேட்டு வாங்கிவிட்டால், பிறகு பெரிய உதவி கேட்கும்போது மறுப்பவர் குறைகிறார்கள். இங்கே இருப்பது கோரிக்கை. அதற்கு இசைவது கம்ப்ளையன்ஸ்.

சுற்றியிருப்பவர்களைப் போல ஆவது கன்ஃபார்ம், மேலிருப்பவர் சொன்னதைச் செய்வது ஒபே, கேட்டதற்கு இணங்குவது கம்ப்ளை என்று வைத்துக்கொள்ளலாம். அன்றாட ஆங்கிலத்தில் கம்ப்ளை இதைவிடக் கொஞ்சம் அகலமானது. கோரிக்கையோடு உத்தரவு, அறிவிக்கை, சட்டவிதி, தர அளவு எல்லாவற்றையும் அது எடுத்துக்கொள்ளும்.

கம்ப்ளை: செய்தீர்களா, இல்லையா?

கம்ப்ளையின் உள்ளே ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. யாரோ ஒன்றைக் கேட்டிருக்கிறார், செய்தீர்களா இல்லையா என்று பார்க்கப்போகிறார். அதனால்தான் அலுவலகங்களில் இந்த வினை வேர்விட்டது. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2015-இல் கொண்டுவந்த பட்டியலிடல் விதிமுறைகளின்படி, பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் தகுதிபெற்ற கம்பெனி செக்ரட்டரி ஒருவரைக் கம்ப்ளையன்ஸ் ஆபீசராக நியமிக்க வேண்டும். பிரிட்டனில் நிறுவன நிர்வாகம் பற்றி 1992-இல் வந்த கேட்பரி குழு அறிக்கை 'கம்ப்ளை ஆர் எக்ஸ்பிளெயின்' என்ற முறையைப் புகுத்தியது: நெறிமுறையின்படி நட, இல்லையென்றால் ஏன் நடக்கவில்லை என்று பங்குதாரர்களுக்கு விளக்கு. அந்த இடத்தில் 'ஒபே ஆர் எக்ஸ்பிளெயின்' என்று போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். பணிய வேண்டியவருக்கு விளக்கம் சொல்லித் தப்பும் வாய்ப்பு ஏது?

ஆளை நேராகக் கம்ப்ளைக்குப் பின்னால் போட முடியாது. 'கம்ப்ளை வித் த மேனேஜர்' தவறு. 'கம்ப்ளை வித் த மேனேஜர்ஸ் ரிக்வெஸ்ட்' சரி. ஆளை நேராகப் போட இடம் கொடுப்பது ஒபே. காவல்துறையினருக்கு, பெற்றோருக்கு, தளபதிக்கு ஒபே. அவர்கள் தந்த எழுத்துப்பூர்வமான உத்தரவுக்குக் கம்ப்ளை. ஒபே போடும்போது மேல் கீழ் என்ற படிநிலை உடனே வந்துவிடுகிறது. அதனால் வாடிக்கையாளருக்கோ சக ஊழியருக்கோ எழுதும் கடிதத்தில் 'ப்ளீஸ் ஒபே' என்று எழுதினால் அதட்டல் போல் இருக்கும். போக்குவரத்துப் பலகையில் 'ஒபே டிராஃபிக் ரூல்ஸ்' என்று இருக்கலாம். அங்கே பேசுவது அரசு.

கம்ப்ளையன்ட் என்ற பெயரடையில் இரண்டு கண்ணிகள். விதிமுறையோ தர அளவோ முன்னால் ஒட்டி வந்தால் 'அதன்படி அமைந்தது' என்ற நல்ல பொருள். ஒரு குழந்தையையோ ஊழியரையோ வெறுமனே கம்ப்ளையன்ட் என்றால் 'எதிர்த்துப் பேசாத, சொன்னபடி ஆடுகிற' என்ற பொருள் வந்துவிடும், அது எப்போதும் பாராட்டாகாது. இரண்டாவது கண்ணி எழுத்துப்பிழை. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லிலும் புகார் என்று பொருள்படும் கம்ப்ளெய்ன்ட்டிலும் இருப்பவை அதே ஒன்பது எழுத்துகள். 'ஐ'யும் 'ஏ'யும் இடம் மாறினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். 'எங்கள் மென்பொருள் முழுவதும் விதிப்படி அமைந்தது' என்று எழுத நினைத்தவர் 'எங்கள் மென்பொருள் முழுவதும் புகார்' என்று அனுப்பிவிடுவார். இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் கணினியின் எழுத்துச் சரிபார்ப்பு இதைப் பிடிக்கும் என்று நம்ப முடியாது.

மருத்துவத்தில் இந்த வினை பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பதை முன்பு பேஷண்ட் கம்ப்ளையன்ஸ் என்றார்கள். மருத்துவர் உத்தரவிடுவார், நோயாளி இணங்க வேண்டும் என்ற தொனி அதில் இருந்ததால், சிகிச்சையை நோயாளியும் பேசி ஒப்புக்கொண்டது என்று காட்டும் அட்ஹியரன்ஸ் இன்று விரும்பப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை, வளர்ந்த நாடுகளில்கூட நீண்டகால நோய்களுக்கான சிகிச்சையில் அட்ஹியரன்ஸ் சராசரியாக 50 சதவீதம்தான் என்றது. மருத்துவக் கட்டுரை எழுதுபவர் அட்ஹியரன்ஸ் போடுவதே இப்போதைய வழக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவில் 'லங் கம்ப்ளையன்ஸ்' என்று காதில் விழுந்தால் அது நுரையீரல் எவ்வளவு எளிதில் விரிகிறது என்ற அளவு; விதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அபைட்: பிடிக்காவிட்டாலும் ஏற்றுக்கொள்வது

அபைடின் பழைய பொருள் தங்குதல், காத்திருத்தல். வசிப்பிடம் என்று பொருள்படும் 'அபோட்' அதன் உறவு. ஒரு முடிவின் பக்கத்திலேயே தங்கிவிடுவது, அதை விட்டு எழுந்து போகாதது என்ற பொருளில்தான் 'அபைட் பை' வந்தது. நம் அரசமைப்புச் சட்டத்தில் 51அ பிரிவு 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. குடிமக்களின் கடமைகளில் முதலாவது 'டு அபைட் பை த கான்ஸ்டிட்யூஷன்' என்றே தொடங்குகிறது. அங்கே கம்ப்ளை பொருந்தியிருக்காது. ஒரு கட்டளையை ஒருமுறை நிறைவேற்றிவிட்டுக் கணக்கை முடிப்பதல்ல அது, அதன் கீழேயே வாழ்வது. அதே சட்டத்தின் 256-ஆவது பிரிவு, நாடாளுமன்றச் சட்டங்களை மாநில அரசுகள் செயல்படுத்துவது பற்றிப் பேசும்போது 'கம்ப்ளையன்ஸ் வித் த லாஸ்' என்கிறது. வரைந்தவர்கள் சொல்லைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

அபைடுக்குப் பின்னால் வழக்கமாக வருபவை தீர்ப்பு, முடிவு, ஒப்பந்தம், நிபந்தனைகள், விதிகள். பிறர் முடிவு செய்வார், எதுவானாலும் ஏற்கிறேன் என்று முன்பே ஒத்துக்கொண்ட இடம் அதற்கு மிகவும் உகந்தது. நடுவர் தீர்ப்பு, நீதிமன்றத் தீர்ப்பு, மத்தியஸ்தர் முடிவு, போட்டி விதி எல்லாம் இந்த வகை. மருந்துச் சீட்டுக்கு, சமையல் குறிப்புக்கு, வழிகாட்டும் வரைபடத்துக்கு இது வராது, அங்கெல்லாம் ஃபாலோதான்.

இறந்தகாலம் 'அபைடட் பை'. 'அபோட் பை' என்று பழைய நூல்களில் பார்த்தால் அது தவறல்ல, இன்று யாரும் எழுதுவதில்லை, அவ்வளவே. 'பை' இல்லாமல் 'ஐ காண்ட் அபைட் ஹிம்' என்றால் அந்த ஆளைச் சகிக்க முடியவில்லை என்று அர்த்தம். அந்தப் பொருளில் இந்த வினை அநேகமாக 'முடியாது' என்ற எதிர்மறையோடுதான் வரும். 'லா அபைடிங்' சட்டத்தை மதித்து நடப்பவர். வெறும் 'அபைடிங்' பெயரடையாக வந்தால் நீடித்த என்று பொருள்: 'அபைடிங் இன்ட்ரஸ்ட்' என்றால் விட்டுப்போகாத ஈடுபாடு.

அட்ஹியரும் ஸ்டிக்கும்: ஒட்டு என்ற வேரிலிருந்து

இந்த இரண்டும் பொருளின் மேல் பொருள் ஒட்டுவதிலிருந்து விதிக்கு வந்தவை. அட்ஹியர் எழுத்து வழக்கு, ஸ்டிக் பேச்சு வழக்கு. பெயின்ட் டப்பாவின் குறிப்பில் 'எண்ணெய்ப் பிசுக்குள்ள பரப்பில் பெயின்ட் அட்ஹியர் ஆகாது' என்று இருக்கும். தோசை கல்லில் ஒட்டிக்கொண்டதற்கு ஸ்டிக்தான். அட்ஹியர் போட்டால் தோசை ஆய்வகத்துக்குப் போய்விடும்.

அட்ஹியர் பொது வழக்கில் தன்வினை மட்டும். தானாக ஒட்டும், நாம் ஒன்றை எடுத்து ஒட்டுவதற்கு அது வராது. 'அட்ஹியர் யுவர் ஃபோட்டோ ஹியர்' என்று படிவத்தில் எழுதுவது பிழை. விண்ணப்பப் படிவங்களில் இதற்கென்று இருக்கும் சொல் 'அஃபிக்ஸ்': பாஸ்போர்ட் அளவு புகைப்படம், ரெவின்யூ ஸ்டாம்ப், முத்திரை எல்லாவற்றுக்கும் அதுவே. அட்டாச் என்றால் பின் குத்தி இணைப்பதும் மின்னஞ்சலோடு சேர்ப்பதும் அடங்கும், பசை வேண்டியதில்லை.

பெயர்ச்சொல்லில் வேர் இரண்டாகக் கிளைக்கிறது. பொருள் ஒட்டுவது அட்ஹிஷன், விதியில் நிற்பது அட்ஹியரன்ஸ். இயற்பியலில் அட்ஹிஷன் இரு வேறு பொருள்களுக்கிடையே, கொஹிஷன் ஒரே பொருளின் மூலக்கூறுகளுக்கிடையே. கண்ணாடிக் குழாயில் நீரின் மேற்பரப்பு ஓரங்களில் ஏறி நடுவில் குழிவதற்குக் காரணம் நீருக்கும் கண்ணாடிக்கும் உள்ள அட்ஹிஷன் மேலோங்குவது. பாதரசம் நடுவில் குவிவதற்குக் காரணம் அதன் கொஹிஷன் மேலோங்குவது. வயிற்று அறுவை சிகிச்சை நடந்தவரின் ஸ்கேன் அறிக்கையில் அட்ஹிஷன்ஸ் என்று இருந்தால், உள்ளே தழும்புத் திசு நார்போல வளர்ந்து உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கிறது என்று பொருள்.

விதியைப் பற்றிப் பேசும்போது அட்ஹியர் சொல்வது 'விலகாமை'. திட்டம், அட்டவணை, உணவுமுறை, கொள்கை, வழிகாட்டு நெறி ஆகியவற்றோடு நன்றாகச் சேரும். முன்னால் 'ஸ்ட்ரிக்ட்லி' வருவது மிக இயல்பு. இப்படி ஒவ்வொரு வினைக்கும் ஒட்டிப் பிறந்த ஓர் அடைமொழி உண்டு, இவற்றைச் சேர்த்தே கற்றுக்கொள்வது நல்லது: ஃபுல்லி கம்ப்ளை, ஸ்க்ரூப்யுலஸ்லி அப்சர்வ், ஸ்டபர்ன்லி கிளிங், ஃபெய்த்ஃபுல்லி ஃபாலோ, பிளைண்ட்லி ஒபே. 'பிளைண்ட்லி கம்ப்ளை' இலக்கணப் பிழை இல்லை, ஆனால் காது கேட்டுப் பழகியது ஒபே அல்லது ஃபாலோ.

ஸ்டிக்கின் இறந்தகாலம் ஸ்டக். 'ஸ்டிக்ட்' என்று ஒன்று இந்தப் பொருளில் கிடையாது. இந்திய ஆங்கிலத்தில் 'ஸ்டிக் ஆன் டு த ரூல்ஸ்' என்று நடுவில் ஓர் 'ஆன்' நுழைந்துவிடுகிறது. விதிக்கு வெறும் 'ஸ்டிக் டு' போதும். 'ஆன் டு' வருவது சுவரில் சுவரொட்டியை ஒட்டுவது போன்ற இடத்தில். ஸ்டிக்கின் கூட்டாளிகளை மாற்றிப்போட்டால் பொருள் மாறும். 'ஸ்டிக் டு' என்றால் முடிவிலோ பேச்சிலோ நிற்பது. 'ஸ்டிக் வித்' என்றால் இருப்பதையே வைத்துக்கொள்வது, வேறு தேடாமலிருப்பது: பழைய போனையே வைத்துக்கொள்வது அது. 'ஸ்டிக் பை' என்றால் கஷ்டகாலத்தில் ஒருவரைக் கைவிடாமல் கூட நிற்பது. 'ஸ்டக் இன் டிராஃபிக்' என்பது மாட்டிக்கொண்ட கதை, விருப்பத்தோடு நிற்பதல்ல.

கிளிங் இதன் பக்கத்து வீடு, இறந்தகாலம் கிளங். பயமோ ஏக்கமோ அதில் கலந்திருக்கும். குழந்தை தாயைக் கிளிங் செய்யும், வெள்ளத்தில் சிக்கியவர் மரக்கிளையை. கருத்தோடோ பதவியோடோ சேர்ந்தால் பழிப்பு வந்துவிடும்: 'கிளிங்ஸ் டு பவர்' என்றால் போக வேண்டிய நேரத்தில் போகாமல் நாற்காலியைப் பிடித்துத் தொங்குகிறார். தன் கொள்கையைப் பற்றி எழுதுபவர் அட்ஹியர் போடுவார், எதிராளியின் கொள்கைக்குக் கிளிங் போடுவார். கிளீவ் என்றும் ஒரு பழைய வினை உண்டு. 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், ஆதியாகமம் 2:24-இல், கணவன் மனைவியோடு இசைந்திருப்பதைச் சொல்வது அதுதான். அதே உச்சரிப்பில் இன்னொரு கிளீவ் 'பிள' என்று பொருள்படும். இரண்டையும் படித்தால் புரிந்துகொள்ளுங்கள், எழுத வேண்டாம்.

கன்ஃபார்ம்: தமிழர்களுக்கென்றே வைத்த பொறி

'டிக்கெட் கன்ஃபார்ம் ஆயிடுச்சா?' என்று நாம் கேட்பது உண்மையில் கன்ஃபர்ம், உறுதிசெய்வது. தமிழ்ப் பேச்சில் அது கன்ஃபார்ம் ஆகிவிட்டது. பேச்சில் யாருக்கும் நஷ்டமில்லை. எழுதும்போதுதான் வில்லங்கம். காதில் பழகிய ஒலியை வைத்து எழுதுபவர் உறுதிசெய்ய வேண்டிய இடத்தில் ஒத்திருக்கச் சொல்லிவிடுகிறார். 'ப்ளீஸ் கன்ஃபர்ம் யுவர் அட்டெண்டன்ஸ்' சரி. நடு உயிர் மாறினால் வருகையை எதற்கோ ஒத்துப்போகச் செய்யுங்கள் என்றாகும். ஒரு சோதனை: பின்னால் 'டு' வைத்து, அதன் பிறகு ஒரு தர அளவு, மாதிரி, வழக்கம் வரமுடிந்தால் கன்ஃபார்ம், இல்லையென்றால் கன்ஃபர்ம்.

கன்ஃபார்மில் 'ஃபார்ம்' இருக்கிறது, அதாவது வடிவம். ஒரு வடிவத்துக்குப் பொருந்துவது. இருசக்கர வாகனத் தலைக்கவசம் ஐ.எஸ். 4151 என்ற இந்தியத் தர அளவுக்கு, குடிநீர் ஐ.எஸ். 10500-க்குக் கன்ஃபார்ம் ஆக வேண்டும். இங்கே கம்ப்ளை வித் போட்டாலும் தவறில்லை, இரண்டும் உண்மையாகவே ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் இது. தரச்சான்று உலகம் மட்டும் கன்ஃபார்மிட்டியைத் தன் கலைச்சொல்லாக எடுத்துக்கொண்டது. தர மேலாண்மைக்கான சர்வதேச நெறியான ஐ.எஸ்.ஓ. 9001-இன் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் 10.2 பிரிவு நான்கன்ஃபார்மிட்டியைப் பற்றியது. தொழிற்சாலையில் 'ஆடிட்டர் ஒரு என்.சி. போட்டுட்டார்' என்பது இதைத்தான். சட்டம் மீறப்பட்டால் நான்கம்ப்ளையன்ஸ், தர நெறியின் தேவை ஒன்று நிறைவேறாவிட்டால் நான்கன்ஃபார்மிட்டி என்று அறிக்கைகளில் பிரித்து எழுதினால் படிப்பவருக்கு உதவி.

ஆளைப் பற்றி 'ஹி கன்ஃபார்ம்ஸ்' என்று தனியாக நின்றால் கூட்டத்தோடு கோவிந்தா போடுகிறார் என்ற தொனி. கம்ப்ளைக்கு அந்த அளவு இழிவு இல்லை.

மிச்சமுள்ளவை

அப்சர்வ் என்பதற்குக் கவனி என்றும் பொருள், கடைப்பிடி என்றும் பொருள். பெயர்ச்சொல்லில் இரண்டும் பிரிந்துவிடும்: கவனிப்பது அப்சர்வேஷன், கடைப்பிடிப்பது அப்சர்வன்ஸ். விரதம், துக்கம், மௌனம், போர்நிறுத்தம், வேகவரம்பு ஆகியவற்றோடு சேரும். ஜனவரி 30 அன்று காலை 11 மணிக்கு நாடு முழுவதும் அப்சர்வ் செய்யப்படுவது இரண்டு நிமிட மௌனம்; தியாகிகள் தினத்தையும் அப்சர்வ்தான் செய்கிறோம், செலிப்ரேட் செய்வதில்லை. நினைவுநாள் அழைப்பிதழில் செலிப்ரேட் என்று அச்சடித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொள்வது அரிதல்ல.

ஃபாலோ எல்லாவற்றிலும் எளியது, பாதுகாப்பானது. சந்தேகம் வந்தால் இதைப் போடலாம்: விதி, அறிவுரை, செய்முறை, வழக்கம் எதையும் ஏற்கும். ஆளைப் போட்டால் மட்டும் பின்தொடர்வது என்றாகும்.

வாக்குறுதி, ஒப்பந்தம், காசோலை இவற்றுக்கு 'ஆனர்' என்று ஒரு வினை உண்டு. காசோலை திரும்பினால் சட்டம் அதை டிஸ்ஆனர் என்பது அதனால்தான். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு பேசுவது இதைத்தான். பதவியேற்பு உறுதிமொழியில் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்னும் இடத்தில் வரும் வினை 'அப்ஹோல்ட்'. தாழாமல் தாங்கிப் பிடிப்பது. கட்சித் தலைமை சொன்னபடி நடப்பதற்கு 'டோ த லைன்': கால்விரலைக் கோட்டில் வைத்து வரிசையில் நிற்பது. கயிறு கட்டி இழுப்பதைக் குறிக்கும் இன்னொரு டோ இங்கே தவறு, பத்திரிகைகளிலேயே அந்தப் பிழை வருகிறது.

மீறுவதற்கும் ஒரே சொல் போதாது. பிரேக் எல்லா இடத்துக்கும் பொது. சட்டம், உரிமை, போர்நிறுத்தம் என்றால் வயலேட். ஒப்பந்தம் என்றால் பிரீச். பதிப்புரிமை, காப்புரிமை என்றால் இன்ஃப்ரிஞ். உத்தரவு என்றால் டிஸொபே. திட்டத்திலிருந்து விலகினால் டீவியேட் ஃப்ரம். யாரையும் மதிக்காமல் பட்டவர்த்தனமாக மீறினால் ஃபிளவுட். பகட்டாகக் காட்டிக்கொள்வது ஃபிளாண்ட். நகையை ஃபிளாண்ட் செய்யலாம், விதியை ஃபிளவுட்தான் செய்ய முடியும்.

இனி ஒரு விடுதி அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். 'ஆல் ஸ்டூடண்ட்ஸ் ஷுட் ஸ்ட்ரிக்ட்லி அட்ஹியர் த டைமிங்ஸ் அண்ட் அபைட் டு த ஹாஸ்டல் ரூல்ஸ். எனி இன்ஸ்ட்ரக்‌ஷன் நாட் கம்ப்ளைட் வில் பி வியூட் சீரியஸ்லி. தோஸ் ஃபிளாண்டிங் த ரூல்ஸ் வில் பி ஃபைன்ட்.' நான்கு இடங்களில் கை வைக்க வேண்டும். அட்ஹியருக்குப் பின் 'டு' சேர்க்க வேண்டும். அபைடுக்குப் பின் 'டு'வை 'பை' ஆக்க வேண்டும். கம்ப்ளைடுக்குப் பின் 'வித்' போடலாம், ஆனால் 'ஃபெய்லியர் டு கம்ப்ளை வித் எனி இன்ஸ்ட்ரக்‌ஷன் வில் பி வியூட் சீரியஸ்லி' என்று புரட்டிப்போட்டால் வாசிக்கவும் நன்றாக இருக்கும். ஃபிளாண்டிங், ஃபிளவுட்டிங் ஆக வேண்டும். ஃபிளவுட்டிங் ரொம்பக் கடுமையான சொல் என்று நினைத்தால் அதை பிரேக்கிங் என்று தணித்துவிடலாம். இரவு பத்து நிமிடம் தாமதமாக வந்த மாணவர் விதியை பிரேக் செய்திருக்கிறார், ஃபிளவுட் செய்யவில்லை.

அரசு அலுவலகத்திலிருந்து வந்த அறிவிக்கைக்குப் பதில் எழுதுபவர் 'வி ஹாவ் கம்ப்ளைட் வித் த டைரக்‌ஷன்ஸ் இன் யுவர் நோட்டீஸ் டேட்டட்' என்று தொடங்கித் தேதியைப் போட்டு, செய்தவற்றை ஒவ்வொன்றாக எழுதி, சான்றுகளை இணைக்கலாம். பாதிதான் முடிந்திருக்கிறது என்றால் 'பார்ஷியலி கம்ப்ளைட் வித்' என்று எழுதி மீதிக்குக் காலக்கெடு கேட்க வேண்டும். அங்கே 'வி ஆர் அபைடிங் பை யுவர் நோட்டீஸ்' என்று எழுதினால், ஏற்றுக்கொண்டோம் என்ற செய்தி மட்டும் போகும். வேலை நடந்ததா என்று கேட்டு அடுத்த கடிதம் வரும்.